கையெழுத்து வைக்காத ஜெயரட்ணம்

பாரிசின் லாச்சப்பலில் ஜெயரட்ணம் அண்ணையைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்கள் அவரைப் பற்றி முதலில் சொல்லும் விசயம் ஒன்றுதான்: மனிசன் எதிலும் கையெழுத்து வைக்காது.

எங்கள் தெருவில் குப்பைத்தொட்டி வேண்டுமென்று நகரசபைக்கு மனு எழுதினோம். கடைக்காரர், சலூன்காரர், வீடியோக்காரர் என்று தெருவே வரிசையில் நின்று கையெழுத்து வைத்தது. அவர் பேப்பரை மூன்று தரம் வாசித்தார், "நல்ல விசயம்" என்றார், போய்விட்டார். உணவக முதலாளி றமேசின் கலியாணப் பதிவுக்கு ஒரு சாட்சி குறைந்தது. முதல் நாள் முழுக்க நின்று மண்டபத்துக்குச் சோடனை செய்த மனிசன், சாட்சிக் கையெழுத்து என்றதும் வயிற்றுக்குத்து என்று படுத்துவிட்டார். அந்த உணவகச் சமையல்காரருக்குப் பிறந்தநாள் வாழ்த்து மட்டை ஒன்று சுற்றி வந்தபோது எல்லோரும் பெயர் எழுதினார்கள். இவர் மூலையில் ஒரு பூ கீறிவிட்டார். பூ நன்றாகத்தான் இருந்தது.

நான் கமலராணி. இந்தத் தெருவில் சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி எடுப்பது, கடவுச்சீட்டு அளவில் படம் பிடிப்பது, பிரெஞ்சுப் படிவம் நிரப்புவது, இவைதான் தொழில். முப்பது வருசத்துக்கு மேலாக இந்தச் சனத்தின் பெயரையும் பிறந்த திகதியையும் பிறந்த ஊரையும் எழுதி எழுதி விரலில் காய்ப்பு விழுந்துவிட்டது. களைத்துப்போனேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏன் இந்த மனுசி இப்படி இழுத்து இழுத்துச் சொல்கிறாள் என்று கேட்கவேண்டாம்.

இந்த வருசம் மார்ச் மாதத்தில் ஜெயரட்ணம் அண்ணையிடம் ஒரு கையெழுத்துத் தேவைப்பட்டது. எனக்கில்லை, நிருபாவுக்கு.

நிருபா வன்னியிலிருந்து வந்தவள். இருபத்தைந்து வயது. விடுதியொன்றில் அறை துப்புரவாக்குகிறாள். லா கூர்னெவில் ஒரு வீட்டில் மூன்று பெண்களோடு இருந்தாள். நான்கு பேருக்கு இரண்டு கட்டில். இவள் வேலையால் வந்து படுக்கும்போது மற்றவள் எழும்பி வேலைக்குப் போவாள், கட்டில் ஆறுவதேயில்லை. அந்த வீட்டையும் விற்கப் போகிறார்கள், மாதக் கடைசிக்குள் எழும்புங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நல்ல காலமாக ஓல்னே-சூ-புவாவில் ஒரு சின்ன அறை அகப்பட்டது. தனி அறை, தனிக் கட்டில், யன்னலுக்கு வெளியே ஒரு மரம். வீட்டுக்காரி வயதான பிரெஞ்சுக்காரி. பிள்ளையைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. ஆனால் ஒரு கரான் வேண்டும் என்றாள்.

கரான் என்றால், வாடகைக்கு வருகிறவருக்காக இன்னொருவர் பொறுப்பு நின்று கையெழுத்து வைப்பது. தமிழில் அதற்கு நல்ல சொல் இருக்கிறது, பிணை. பிணை நிற்பவருக்கு நிரந்தர வேலை இருக்கவேண்டும், மூன்று மாதச் சம்பளத்துண்டு காட்டவேண்டும். நிருபாவின் ஆட்களில் யாருக்கும் நிரந்தர வேலை இல்லை. நான் ஏற்கெனவே தமக்கையின் இரண்டு பிள்ளைகளுக்குப் பிணை. மூன்றாவது தரமும் என் பெயரை எந்த வீட்டுக்காரரும் எடுக்கமாட்டார்.

"வாற வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் வீட்டுக்காரி பாத்துக்கொண்டிருப்பாவாம் அன்ரி. பேந்து வேறை ஆக்களுக்குக் குடுத்திடுவாவாம்" என்றாள் நிருபா. அழவில்லை. அழுகிற வயது அவளுக்கு எப்போதோ முடிந்துவிட்டது போல இருந்தது.

அவளுடைய படிவத்தை நான்தான் நிரப்பினேன். எங்கள் சனத்துக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முன்னால் நிற்கும், பிரான்சுக்கு வந்ததும் அதுவே குடும்பப்பெயராகிவிடும். அந்த முறையில் இவள் பிரெஞ்சுக்காரருக்கு மதாம் கிறிஸ்தோப்பர்.

"அப்பாவைக் கூப்பிடுறாங்கள் எண்டு நான் திரும்பிப் பாக்கிறனான்" என்று முதல் தடவையாகச் சிரித்தாள்.

அவள் போனபிறகு யோசித்தேன். நிரந்தர வேலை, பிள்ளைகுட்டி இல்லை, வேறு யாருக்கும் பிணை நின்றதில்லை. என் மண்டையில் ஒரே ஒரு பெயர்தான் வந்தது. பதினேழு வருசமாக றமேசின் உணவகத்தில் கோப்பை கழுவுகிற ஜெயரட்ணம் அண்ணை. தனியாகப் போய்க் கேட்டால் வயிற்றுக்குத்து என்பார். சபையில் வைத்துக் கேட்டால்? எங்கள் ஆட்கள் வீட்டில் இல்லையென்பதைச் சபையில் ஓம் என்பார்கள், மானம் பெரிது. வெள்ளிக்கு முன் வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே உணவகத்தின் பின்மண்டபத்தில் ஒரு கூட்டம் இருந்தது. அங்கே வைத்து மனிசனை மடக்குவது என்று முடிவெடுத்தேன். இப்போது நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

கூட்டத்துக்கு நோட்டீஸ் அடித்ததும் என் கடைதான். "இலட்சிய சமூகமும் கொடுங்கனவுச் சமூகமும்." பேசுகிறவர் சீத்தாராமன், தமிழ்நாட்டுக்காரர், இங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறார். மத்தியானச் சாப்பாடு முடிந்து இரவுச் சாப்பாடு தொடங்குவதற்கு முன் மூன்று மணிக்கு வைத்தார்கள். முப்பது பேர் வந்தார்கள். அதில் இருபது பேர் மீன் ரோல்சுக்கு வந்தவர்கள், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சீத்தாராமன் சுவரில் படம் போட்டு நடுவில் ஒரு கோடு இழுத்திருந்தார். இடப்பக்கம் யுடோபியா, வலப்பக்கம் டிஸ்டோபியா. இடப்பக்கத்தில் களவு இல்லை, பசி இல்லை, பயம் இல்லை, எல்லோருக்கும் ஒரே நீதி. வலப்பக்கத்தில் ஒரே குரல், எல்லோர் மேலும் ஒரு கண், பிள்ளைகள் பெற்றவர்களுக்குச் சொந்தமில்லை, கேள்வி கேட்டால் துரோகி.

"ரெண்டும் எதிரிங்கன்னு நினைக்கிறோம். இல்லீங்க, ஒரே வயித்துல பொறந்த அண்ணன் தம்பி" என்றார் அவர். "டிஸ்டோபியாவ யாரும் பிளான் பண்ணிக் கட்டுறதில்ல. ஒருத்தர் யுடோபியா கட்டணும்னு ஆரம்பிப்பார். அந்தக் கனவுக்குள்ள அடங்காத ஒரு ஆள் வருவான். அவன என்ன பண்றதுங்கற எடத்துலதான் கதை மாறும்."

நல்ல பிள்ளை, விளங்கும்படிதான் சொன்னார். ஆனால் எங்கள் சனம் பொதுவாகச் சொன்னதைப் பொதுவாக விடுமா? றமேஸ் எழும்பினான்.

"உங்கடை இடப்பக்கம் எங்கேயும் இல்லாத இடம் எண்டு சொன்னனீங்கள். இருந்தது. வன்னியிலை, இயக்கத்தின்ரை காலத்திலை இருந்தது. எங்கடை நீதிமன்றம், எங்கடை வங்கி, எங்கடை பொலிஸ். பொம்பிளைப்பிள்ளை தனிய நடு ரோட்டாலை போகலாம். ஒரு களவு இல்லை."

மண்டபத்தில் பாதிப் பேர் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், மற்றவர்களைவிடக் கொஞ்சம் பலமாகவே தட்டினேன். சமாதான காலத்தில் பதினொரு நாள் நானே வன்னிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவள். சுத்தமான வீதிகள், வரிசையாக நட்ட மரங்கள், மரியாதையாகக் கதைக்கிற பிள்ளைகள். என்னை ஒரு வாகனத்தில் ஏற்றி எல்லாம் காட்டினார்கள். திரும்பி வந்து ஆறு மாதம் அதையே கதைத்தேன், கேட்கிறவர்களுக்குக் காது புளித்துவிட்டது.

பின்வரிசையில் இருந்து யாரோ, "வலப்பக்கத்திலையும் இருந்தது" என்றார்கள். அவ்வளவுதான். ஆளுக்காள் எழும்பி நின்று கத்தத் தொடங்கினார்கள். சீத்தாராமன் தண்ணீர்ப் போத்தலைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றார். இந்தச் சண்டையை எத்தனை வருசமாகக் கேட்கிறேன். வசனம்கூட மாறாது, கத்துகிற ஆட்களுக்கு மட்டும் தலை நரைத்துக்கொண்டே போகிறது.

அந்த நேரம்தான் ஜெயரட்ணம் அண்ணை தேநீர்த் தட்டோடு குசினியிலிருந்து வந்தார். தட்டை மேசையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். எதையும் மூன்று தரம் வாசிக்கிற பழக்கம். பிறகு சீத்தாராமனிடம் கேட்டார்.

"தம்பி, உந்த இடப்பக்க நாட்டிலையிருந்து வெளிக்கிடுறதெண்டால் பாஸ் வேணுமோ?"

சீத்தாராமனுக்கு விளங்கவில்லை. "பாஸா? சார், அங்கதான் எல்லாமே நல்லா இருக்கே. யாரும் வெளிய போக விரும்ப மாட்டாங்க."

"விரும்பினா?"

"இல்ல சார், ஒரு பர்ஃபெக்டான சமூகத்துல..."

"விளங்குது தம்பி. விரும்பினா?"

சீத்தாராமன் நேர்மையாகச் சொன்னார்: "அதுக்கு நான் படிச்ச எதுலயும் சரியான பதில் இல்ல சார்."

எனக்கு ஆத்திரம் வந்தது. ஏன் வந்தது என்று இன்றைக்குத் தெரியும், அன்றைக்குத் தெரியவில்லை. "அண்ணை, நீங்கள் தேத்தண்ணியைக் குடுங்கோ. தெரியாத விசயத்திலை ஏன் மூக்கை நுழைக்கிறியள்?" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

அவர் கோபிக்கவில்லை. ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தார்.

"றமேஸ் சொன்னது பொய்யில்லை. நான் புதுக்குடியிருப்பிலை இருந்தனான், சங்கக்கடையிலை வேலை. என்ரை சைக்கிளுக்குப் பூட்டே இல்லை, வாங்கவேண்டி வரேல்லை. ரோட்டிலை விட்டிட்டுப் போனா விட்ட இடத்திலை நிக்கும். ஆனா அந்தச் சைக்கிளிலை ஏறி ஊரை விட்டு வெளிக்கிட ஏலாது. பாஸ் வேணும். பாஸுக்கு ஒராள் பிணை நிக்கவேணும். நீ திரும்பி வருவாய் எண்டு அவன் கையெழுத்து வைக்கவேணும். நீ வராட்டி அவனைப் பிடிப்பினம்."

"ஓமந்தைக்கு அங்காலை ஆமிக்காரன் பாஸ் கேக்கேல்லையோ?" என்றான் றமேஸ்.

"கேட்டவன். அதுக்கும் பிணை. நான் ரெண்டு வரிசையிலையும் நிண்டனான் றமேஸ். ரெண்டும் ஒரே வெயில்."

அவர் எங்களைப் பார்க்காமல் சுவரில் இருந்த நடுக்கோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எனக்குச் சிறுநீரகத்திலை கல்லு. கொழும்புக்குப் போய் எடுக்க இருபத்தொரு நாள் பாஸ் கிடைச்சுது, ரெண்டாயிரத்து ஆறு மாசியிலை. பக்கத்து வீட்டுக் கூட்டாளி பிணை நிண்டவன். இருபத்தோராம் நாள் வவுனியா வரைக்கும் திரும்பி வந்தனான். கிளிநொச்சிப் பஸ் நிண்டது. நான் மற்றப் பக்கம் போய்க் கொழும்புப் பஸ்ஸிலை ஏறினனான். சண்டை தொடங்கிப் பாதை பூட்டினபடியாலை வரேல்லை எண்டுதான் இஞ்சை எல்லாருக்கும் சொன்னனான். பாதை பூட்டினது ஆவணியிலை. எனக்கு ஆறு மாசம் இருந்தது."

யாரோ ஒரு கதிரையை நகர்த்தினார்கள். அவர் நிறுத்தவில்லை.

"அவனைக் கொண்டுபோய் மூண்டு மாசம் பங்கர் வெட்ட விட்டவை. வீட்டுக்கு ஒராள் சண்டைக்கு வேணும் எண்டு வந்தநேரம் வீட்டிலை தகப்பன் இல்லை. மூத்த பெட்டையைக் கூட்டிக்கொண்டு போட்டினம். பதினேழு வயது. அது திரும்பி வரேல்லை. சண்டை முடிஞ்சு முகாமிலையிருந்து வந்த ஒராள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

"உங்கடை கூட்டாளி இப்ப எங்கை?" என்று கேட்டேன்.

"தெரியாது தங்கச்சி. நான் தேடேல்லை. தேடினா கிடைச்சிடுவான் எண்டு பயம்." தட்டை எடுத்தார். "இடப்பக்கமும் வலப்பக்கமும் ரெண்டு நாடில்லைத் தம்பி. நான் இருந்த ஊரிலை அது காலமையும் பின்னேரமும்" என்று சீத்தாராமனுக்குச் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் திறந்து கோப்பைகள் கழுவுகிற சத்தம் வந்தது.

கூட்டம் அதோடு கலைந்தது. ரோல்ஸ் அப்படியே இருந்தது.

அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு ஒரே விசயம்தான் குடைந்தது. நான் பதினொரு நாள் வன்னியில் நின்றேன். திரும்பும்போது ஒருவரும் என்னிடம் பிணை கேட்கவில்லை. பிரெஞ்சுக் கடவுச்சீட்டைக் காட்டினேன், சிரித்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். வெளியே போகும் வழி என் கைப்பைக்குள் இருந்தபடியால்தான் உள்ளே எல்லாம் அவ்வளவு வடிவாக இருந்தது. வெட்கமாக இருந்தது. ஐம்பத்து நான்கு வயதில் வெட்கப்படுவது பெரிய களைப்பு.

இனி அந்த மனிசனிடம் போய்ப் பிணைக் கையெழுத்துக் கேட்க எனக்கு வாய் வருமா? வேறு ஆட்களுக்குத் தொலைபேசி அடித்துப் பார்த்தேன். ஆர்ஜொந்தெயில் ஒரு மச்சான், பிறகு பழைய வாடிக்கையாளர் இரண்டு பேர். எல்லோரும் நியாயமான காரணம் சொன்னார்கள். நிருபாவுக்குச் செவ்வாய்க்கிழமை காலை தொலைபேசியில் சொன்னேன்: "பிள்ளை, நான் பாக்காத ஆக்களில்லை. வெள்ளிக்கிடையிலை சரிவராது போலை கிடக்கு." "பரவாயில்லை அன்ரி" என்றாள். பரவாயில்லை என்ற சொல்லை அவளைப்போலச் சொல்ல ஆளில்லை, கேட்கிறவருக்குச் சோறு இறங்காது.

அன்று பின்னேரம் ஜெயரட்ணம் அண்ணை கடைக்கு வந்தார். அவருடைய வதிவிட அட்டை புதுப்பிக்கவேண்டும், இரண்டு கொப்பி தேவை. ஞாயிற்றுக்கிழமை பேசியதற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன். அதற்குப் பதிலாக, "மெசினுக்குச் சூடேறட்டும், இருங்கோ அண்ணை" என்றேன். என் வாய் அப்படிப்பட்டது, சண்டைக்கு ஓடும், மன்னிப்புக்கு நொண்டும்.

அவர் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். நிருபாவின் படிவம் மேசையில் கிடந்தது. கண்ணில் பட்ட எழுத்தை வாசிக்காமல் விடுகிற ஆளா? வாசித்தார். திரும்ப முதலில் இருந்து வாசித்தார். மூன்றாம் தரம் விரலை வைத்து வாசித்தார்.

"குடும்பப்பெயர் கிறிஸ்தோப்பர்" என்றார். "பிறந்த இடம் புதுக்குடியிருப்பு. தங்கச்சி, இது ஆர்?"

"வீடு தேடுற ஒரு பிள்ளை அண்ணை. நிருபா."

"தமக்கை ஒராள் இருந்ததோ?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கொப்பி மெசின் தன்பாட்டில் ஒளியை ஓடவிட்டுக்கொண்டிருந்தது. நிருபா ஒருநாள் என் கடையில் வைத்துத் தன் கைப்பேசியில் ஒரு பழைய படத்தைக் காட்டியிருந்தாள். இரட்டைப் பின்னல், பள்ளிக்கூடச் சீருடை. "லக்ஷனா அக்கா" என்று மட்டும் சொன்னாள்.

"இருந்தது" என்றேன். "பேர் லக்ஷனா."

அவர் தன் அட்டையை எடுத்தார், கொப்பியை எடுக்க மறந்து போய்விட்டார். கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். மெத்ரோ பக்கம் நடந்தார், நின்றார், திரும்ப உணவகப் பக்கம் நடந்தார்.

புதன்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை என்று றமேஸ் சொன்னான். பதினேழு வருசத்தில் வராத முதல் நாளாம். சரி, ஓடிவிட்டார் என்று நினைத்தேன். கோபம்கூட வரவில்லை. பயந்த மனிசரைத் திட்டுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு நான் கடையைத் திறக்கும்போது அவர் வாசலில் நின்றார். கழுவி மடித்த சட்டை, சவரம் செய்த முகம். கையில் ஒரு கடித உறை. உள்ளே மூன்று மாதச் சம்பளத்துண்டும் மின்சாரத்துண்டும், மூலை மடியாமல்.

"பிள்ளையைக் கூப்பிடு" என்றார்.

நிருபா பத்து மணிக்கு ஓடி வந்தாள். அவளுக்கு விசயம் இன்னும் தெரியாது. ஊரவர் ஒருவர் உதவி செய்கிறார் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். ஜெயரட்ணம் அண்ணை அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. பேனையைக் கையில் எடுத்தார். கீழே வைத்தார். திரும்ப எடுத்தார்.

"பிள்ளை, முதல் ஒண்டு சொல்லவேணும். கொப்பா கிறிஸ்தோப்பர் ஒராளுக்குப் பாஸ் பிணை நிண்டவர். தெரியுமோ?"

நிருபா "தெரியும்" என்றாள். "அந்த ஆள் வரேல்லை."

"அது நான்தான்."

அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். அடிப்பாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அடித்திருந்தால் நான் தடுத்திருக்கமாட்டேன். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்: "இப்ப ஏன் வைக்கிறியள்? அக்காவுக்குப் பதிலா?"

"இல்லை. அதுக்குப் பதில் இல்லை." பேனையை இறுக்கிப் பிடித்தார். "உனக்குப் படுக்க ஒரு இடம் வேணும். அவ்வளவுதான். நீ என்னோடை கதைக்கவேண்டாம். என்ரை முகத்திலை முழிக்கவேண்டாம். எப்ப அந்த வீட்டை விட்டு வெளிக்கிட விருப்பமோ அப்ப வெளிக்கிடு, எனக்குச் சொல்லவும் தேவையில்லை. நான் கையெழுத்து வைக்கிறது நீ இருக்கிறதுக்கு. நீ திரும்பி வாறதுக்கில்லை."

வைத்தார். முழுப்பெயர் எழுதி, கீழே கோடு போட்டு, திகதி போட்டு. வருசக்கணக்காகப் பூட்டிக் கிடந்த கை, எழுத்து பள்ளிக்கூடப் பிள்ளையின் எழுத்து மாதிரி உருண்டையாக இருந்தது. நிருபா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தன் கைப்பேசியை எடுத்தாள்.

"அப்பாவுக்குச் சொல்லவேணும்" என்றாள்.

ஜெயரட்ணம் அண்ணை கதவுப் பக்கம் பார்த்தார். நான் கதவுக்கு முன்னால் போய் நின்றேன், வேண்டுமென்றே. படம் பிடிக்கிற முக்காலியில் அவர் இருந்துவிட்டார். நிருபா அங்கே மூலையில் நின்று அப்பாவுக்கு எல்லாம் சொல்லி முடித்து, திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

அந்தப் பக்கம் தகரக் கூரை தெரிந்தது, பிறகு ஒரு ஒடுங்கிய முகம். இரண்டு கிழவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஜெயம்" என்றார் கிறிஸ்தோப்பர்.

"ஓம்."

"கல்லு எடுத்தாச்சோ?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பத்தொன்பது வருசத்துக்குப் பிறகு கேட்கிற கேள்வி.

"எடுக்கேல்லை. அது தானாப் போட்டுது" என்றார் ஜெயரட்ணம் அண்ணை. "கிறிஸ்தோப்பர், லக்ஷனா..."

"அதைக் கதைக்காதை. அதை என்னாலை கதைக்க ஏலாது." கிறிஸ்தோப்பர் முகத்தை ஒருதரம் துடைத்தார். "உன்னிலை கோவமில்லை எண்டு சொன்னாப் பொய். இருந்தது. இப்பவும் இருக்கு. ஆனா நீ என்னை ஏமாத்தினாய் எண்டு நினைச்சுக்கொண்டு சாகாதை. நீ வரமாட்டாய் எண்டு தெரிஞ்சுதான் நான் வைச்சனான்."

"எப்பிடித் தெரியும்?"

"சைக்கிளைத் துடைச்சு, செயினுக்கு எண்ணெய் போட்டு, என்ரை வீட்டுச் சுவரோடை சாத்திப்போட்டுப் போனாய். இருபத்தொரு நாளுக்குப் போறவன் அப்பிடிச் செய்வானோடா? நீ போனாப் போதும் எண்டுதான் வைச்சனான். பிள்ளையைக் கொண்டுபோவினம் எண்டு மட்டும் எனக்குத் தெரியாது."

ஜெயரட்ணம் அண்ணை திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

"அண்டைக்கே நீ இதை எனக்குச் சொல்லியிருந்தா, நான் திரும்பி வந்திருப்பன்ரா."

"தெரியும்" என்றார் கிறிஸ்தோப்பர். "அதுதான் சொல்லேல்லை."

அந்த மனிசன் அழுததை நான் அன்றுதான் பார்த்தேன். சத்தமில்லாமல், முக்காலியில் இருந்தபடி, படம் எடுக்க வந்தவர்போல நேராக நிமிர்ந்து இருந்து அழுதார். நிருபா அவருக்குப் பக்கத்தில் போகவில்லை, தள்ளியும் போகவில்லை. கைப்பேசியை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள், கை உளைந்திருக்கும். அவருக்குப் பதினொரு மணிக்கு வேலை. பத்தே முக்காலுக்கு அவர் எழும்பி, பின்னாலிருந்த குழாயில் முகம் கழுவி, செவ்வாய்க்கிழமை மறந்துபோன இரண்டு கொப்பியையும் எடுத்துக்கொண்டு கோப்பை கழுவப் போனார்.